மண் பரிசோதனை: ஒளி சொல்லும் கணக்கு

மண்வள அட்டையில் சாம்பல்சத்து இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று எண்கள் வருகின்றன. அவற்றை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எதை நம்பலாம், எங்கே கேள்வி கேட்கலாம் என்பது நமக்குப் பிடிபடும். பல சத்துகளை ஒளியை வைத்துத்தான் அளக்கிறார்கள். இதற்கு நிறமாலை ஆய்வு என்று பெயர்.

அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள், சுடர் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். பொட்டாசியம், அதாவது நம்ம சாம்பல்சத்து, வெளிர் ஊதாவாக எரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் சொந்த நிறங்கள் உண்டு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து விஞ்ஞானிகள் புன்சனும் கிர்ச்சாஃபும் இந்த வழியில்தான் 1860-ல் சீசியம் என்ற புதிய தனிமத்தையே கண்டுபிடித்தார்கள்.

ஆய்வகத்தில் முக்கியமாக மூன்று கருவிகள்:

1. ஃபிளேம் போட்டோமீட்டர்: சாம்பல்சத்துக்கு. மண்ணை அம்மோனியம் அசிடேட் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, அந்த நீரைச் சுடரில் தெளிப்பார்கள். ஒளி எவ்வளவு வலுவோ, சத்து அவ்வளவு.

2. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்: மணிச்சத்துக்கு. வடித்த நீரில் மாலிப்டேட் முதலிய ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்ந்தால் அதைக் கடந்து வரும் ஒளி குறையும். அந்தக் குறைவே அளவு.

3. ஏ.ஏ.எஸ். கருவி: துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசுக்கு. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955-ல் வெளியிட்ட முறை. துத்தநாகம் பார்க்க துத்தநாக விளக்கு. சுடரில் உள்ள துத்தநாக அணுக்கள் அந்த விளக்கின் ஒளியை விழுங்கும். இரும்பு பார்க்க வேறு விளக்கு. ஆக, எதைக் கேட்கிறோமோ அதற்கு மட்டும்தான் பதில்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி பார்ப்பது மண்ணை அல்ல, கரைசலில் இறங்கி வந்ததை மட்டும். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். அட்டையில் இருப்பது சேமிப்புக் கணக்கில் கையில் எடுக்கக்கூடிய பணம். மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்து வைப்புத்தொகை. நுண்ணுயிரும் வேரும்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத் தருகின்றன. எண் குறைவாக வந்தவுடனே உர மூட்டைக்கு ஓட வேண்டாம். அதற்காக அட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். வருஷா வருஷம் அறுவடையில் எடுத்துக்கொண்டே இருந்து எதுவும் திருப்பிப் போடாவிட்டால் வைப்பும் கரையும்.

கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மாதிரி தப்பென்றால் முடிவும் தப்புதான். ஆகவே:

- துத்தநாகம் பூசிய தகர வாளியில் மண்ணை அள்ளாதீர்கள், வாளியின் துத்தநாகமும் கணக்கில் ஏறும். பித்தளைச் சல்லடையும் கூடாது. பிளாஸ்டிக் வாளி போதும்.
- துருப்பிடித்த மண்வெட்டியால் குழி வெட்டினால், மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு உள் மண்ணை எடுங்கள்.
- பழைய உரச் சாக்கில் உலர்த்தாதீர்கள். நிழலில், சுத்தமான துணியில் உலர்த்துங்கள்.
- வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து 10–15 இடங்களில், 'வி' வடிவக் குழியில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுங்கள். கலந்து, கால் பங்கீடு செய்து, அரை கிலோ அனுப்புங்கள்.

கடைசியாக, நகரக் குப்பைக் கம்போஸ்ட் விலைக்கு வாங்குபவர்களுக்கு. பேட்டரி, பெயின்ட் கலந்த குப்பையிலிருந்து ஈயமும் காட்மியமும் வரலாம். மோந்து பார்த்தோ கையில் உருட்டிப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை நிலத்தில் இறங்கினால் மட்கிப் போகவும் போகாது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் கிலோவுக்கு ஈயம் 100 மி.கிராமுக்கும், காட்மியம் 5 மி.கிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. தழை, மணி, சாம்பல் மட்டும் பார்த்த அறிக்கையில் இவை இருக்காது. விற்பவரிடம் "ஈயம், காட்மியம் மொத்த அளவு பார்த்த அறிக்கை இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் லாரியை நிலத்துக்குள் விடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு மாதிரியைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.