படிப்பை நடுவில் விடுபவர் யார்?

எழுத்தறிவு மையத்தில் நீங்கள் படித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் முப்பது பேர் வந்திருப்பார்கள். பிறகு அறுவடை வந்திருக்கும். பத்துப் பேரைக் காணோம். ஒரு வீட்டில் கல்யாணம். இன்னும் மூன்று பேரைக் காணோம். "நான் படிப்பை விட்டுவிட்டேன்" என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. "அடுத்த வாரம் வருகிறேன்" என்றுதான் சொன்னார்கள்.

கல்லூரிப் படிப்பிலும் இதுதான் நடக்கிறது.

வயது வந்தவர்களுக்குக் கல்லூரியா என்று கேட்கலாம். ஆமாம். வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடியே பட்டம் படிக்கலாம். இதற்காக 1982-ல் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இப்போது அது டாக்டர் அம்பேத்கர் பெயரில் இருக்கிறது. 1985-ல் நாடு முழுவதற்குமாக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் டெல்லியில் தொடங்கியது. சுருக்கமாக இக்னோ என்பார்கள். பள்ளியை முடிக்காதவர்கள் முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். அங்கே மேல் வயது வரம்பு இல்லை. ஒரு முறை பதிவு செய்தால் 5 ஆண்டு செல்லும். அதற்குள் பாடம் பாடமாக எழுதித் தேறலாம்.

இப்படிச் சேர்கிற எல்லோரும் பட்டம் வாங்குவதில்லை. ஏன்?

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 34. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். பி.ஏ. படிப்பில் சேர்கிறார். புத்தகக் கட்டு தபாலில் வருகிறது. வீடே கூடி நின்று பார்க்கிறது. முதல் புத்தகத்தில் இருபது பக்கம் படிக்கிறார். பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரி, வீடு, வேலை என்று இரண்டு மாதம் ஓடுகிறது. அசைன்மென்ட் அனுப்பும் தேதி போய்விடுகிறது. அடுத்த ஆண்டுக்குப் பணம் கட்டும் தேதியும் போய்விடுகிறது.

"என்னக்கா, படிப்பு எப்படிப் போகுது?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்.

"எனக்கெல்லாம் படிப்பு வராதும்மா" என்கிறார் இவர்.

இது உண்மையா? அவருக்குப் படிப்பு வராமல் போகவில்லை. நேரம் கிடைக்காமல் போயிற்று. ஆனால் பழியை அவர் தன் மூளை மேல் போட்டுக்கொள்கிறார். இதுதான் பெரிய நஷ்டம். இப்படி நினைத்தவர் மறுபடி புத்தகத்தைத் திறப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் என்ற இருவர் 1985-ல் இதைப் பற்றி எழுதினார்கள். வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் படிப்பில் நிலைப்பதற்குக் கல்லூரிக்கு வெளியே இருக்கும் காரியங்கள்தான் முக்கியம் என்றார்கள். கையில் பணம், வேலை நேரம், வீட்டுப் பொறுப்பு, வீட்டாரின் ஆதரவு. இவை சரியாக இருந்தால் படிப்பில் உள்ள சிறு குறைகளைச் சமாளித்துவிடலாம். இவை சரியில்லை என்றால், நல்ல புத்தகமும் நல்ல ஆசிரியரும் இருந்தும் நிற்க முடியாது. நம் ஊர் நடப்பும் இதுதானே!

இன்னொரு விஷயம் உண்டு. சேரும்போது யாரும் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. நாமே போட்டுப் பார்ப்போம்.

இக்னோவில் பாடங்களை 'கிரெடிட்' என்று அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. வாசிப்பது, எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். ஒரு பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 30-ஆல் பெருக்கினால் 3,600 மணி நேரம். இதை 3 ஆண்டில் முடிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதாவது தினமும் 3 மணி நேரத்துக்கும் மேல். ஞாயிறும் உண்டு, தீபாவளியும் உண்டு! பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு இந்த 3 மணி நேரம் எங்கிருந்து வரும்?

ஆனால் மூன்று ஆண்டுப் பட்டத்தை முடிக்க 6 ஆண்டு வரை இடம் உண்டு. 6 ஆண்டில் முடிப்பதானால் தினமும் சுமார் 1 மணி 40 நிமிடம் போதும். இது முடிகிற காரியம். சேரும் நாளிலேயே இதை ஒருவர் சொல்லியிருந்தால், மூன்று ஆண்டில் முடியவில்லையே என்று அந்த அக்கா வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

யார் நின்றுவிடுவார் என்பதை முன்பே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். முதல் அசைன்மென்ட்டைப் பாருங்கள். இது வீட்டுப்பாடம் போன்றது. இதை அனுப்பாதவர் பெரும்பாலும் தேர்வுக்கும் வருவதில்லை. இக்னோவில் அசைன்மென்ட் கொடுக்காமல் தேர்வு எழுதவும் முடியாது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரே இந்த வேலையைச் செய்கிறது. யார் பாடத்தைத் திறந்து பார்க்கவில்லை, யாருக்கு முன்பு மதிப்பெண் குறைந்தது என்று பார்க்கும். அடுத்த அசைன்மென்ட்டை யார் அனுப்ப மாட்டார் என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லும்.

கம்ப்யூட்டர் பெயரைத்தான் சொல்லும். போன் எடுத்து, "ஏன் அனுப்பவில்லை, என்ன கஷ்டம்?" என்று ஒரு மனிதர்தான் கேட்க வேண்டும். வகுப்பறையில் ஒரு பெஞ்சு காலியானால் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் இருந்து படிப்பவர் நின்றுவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. அதனால் ஒரே பகுதியில் படிப்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்துகொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை படிப்பு மையத்துக்குச் சேர்ந்தே போகலாம். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் விசாரிப்பார். முதல் அசைன்மென்ட்டை எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதலாம். ஆனால் பார்த்து எழுதக் கூடாது. அது வேறு வம்பு.

வீட்டில் ஒருவர் செய்யக்கூடியதும் உண்டு. வாரத்தில் மூன்று இரவு சமையலறை வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் கணவர் இருக்கிறார், பெரிய பையன் இருக்கிறான்.

அந்த அக்காவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. படிப்பு மையத்துக்குப் போய், அடுத்த முறை பணம் கட்டும் தேதி எது என்று கேட்க வேண்டும். புத்தகக் கட்டு பரணில்தான் இருக்கிறது.

பேசிப் பாருங்கள்

உங்கள் மையத்தில் பாதியில் நின்றவர் யார்? அவரைப் போய் யார் பார்த்தார்கள்?

ஒரு பாடம் 4 கிரெடிட். தினமும் 1 மணி நேரம் படித்தால் எத்தனை நாளில் முடியும்?