சைக்கிளில் செல்வோருக்குத் தலைக்கவசம் வேண்டுமா?

அதிகாலை நான்கு மணி. கரியரில் குறுக்காகக் கட்டிய கத்தரிக்காய் மூடை, ஹாண்டிலின் இரு பக்கமும் தொங்கும் பைகள். முன்னால் விளக்கில்லை, பின்னால் ஒளிதெறிக்கும் சிவப்பு வில்லையும் இல்லை. சந்தைக்குப் புறப்படும் எம்மவரின் சைக்கிளை இப்படித்தான் பெரும்பாலும் காண்கிறோம். அதே வீட்டிலிருந்து ஏழு மணிக்குப் பிள்ளை, எட்டாத பெடலை எட்டி எட்டி மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறது. இவர்கள் இருவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்பதே இந்தப் பாடத்தின் கேள்வி.

“சைக்கிளுக்கும் ஹெல்மெற்றா?” என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பிலும் நியாயம் உண்டு. 1990களில் வடக்கிற்கு எரிபொருள் வராதிருந்த காலத்தில் நெல் மூடை, விறகு, நோயாளி, பிரசவத்துக்குப் போகும் தாய் என எல்லாவற்றையும் சைக்கிளே சுமந்தது. வானொலியில் செய்தி கேட்கவும் அதன் டைனமோவைத்தான் சுற்றினோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரு வீடே ஒரு சைக்கிளில் ஏறிற்று. தலைக்கவசம் பற்றி அன்று எவரும் நினைக்கவில்லை. தலைக்கு வந்த ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது.

ஆனால் அன்று வீதியில் வாகனங்கள் அரிது. 2009க்குப் பின்னர் ஏ-9 வீதி திறந்து, காப்பெற் போடப்பட்டு, பஸ்களும் டிப்பர்களும் மோட்டார் சைக்கிள்களும் விரைகின்றன. எமது சைக்கிள் மாறவில்லை; அது ஓடும் வீதி மாறிவிட்டது. குடியிருப்பு ஓரிடம், தோட்டம் வேறிடம் என்று இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களோ இந்த வீதியில் மற்றவர்களைவிட அதிக தூரம் மிதிக்க வேண்டியிருக்கிறது.

கவசம் என்ன செய்கிறது?

சந்தைக்கு முட்டை கொண்டுபோகும்போது வெறும் பேணியில் போடுவதில்லை. உமி இட்டு அடுக்குகிறோம். பேணி குலுங்கினாலும் உமி அசைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. எமது மண்டையோடு பேணியைப் போன்றது, மூளை முட்டையைப் போன்றது. தலை தரையில் மோதிச் சட்டென்று நிற்கும்போது உள்ளிருக்கும் மூளை ஓட்டுடன் மோதிக் கன்றுகிறது. இரத்தக் குழாய்கள் அறுகின்றன. சைக்கிள் தலைக்கவசத்தின் உள்ளே இருப்பது தடித்த ரெஜிபோம். அடிபடும்போது அது நசிகிறது. அந்த நசிவு தலையைச் சற்று மெதுவாக நிற்கச் செய்கிறது. ஆகவே ஒரு முறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே கீறலின்றி இருந்தாலும் இனி உதவாது. நிவாரணப் பொதிகளில் வரும் பழைய கவசங்களையும் உள்ளே பார்த்தே எடுக்க வேண்டும்.

இதனை உலகம் உணர்ந்ததில் ஒரு கதை இருக்கிறது. 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில் ‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ், சைக்கிளில் வந்த இரு சிறுவரை விலத்தப் போய் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயன்ஸ், பின்னர் போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் எழுதினார். அவ்வாண்டே பிரித்தானிய இராணுவம் அவ்வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

சைக்கிளுக்கு இச்சட்டத்தை முதலில் கொண்டுவந்தது அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990இல். நியூசிலாந்து 1994இல் பின்பற்றியது. அதனால் பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நெதர்லாந்தில் பெரும்பாலானோர் கவசமின்றியே ஓடுகிறார்கள். அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் உண்டு. எனினும் விழுந்துவிட்டவரின் தலையைக் கவசம் காக்கிறதா என்பதில் ஐயம் குறைவு. 64,000க்கும் மேற்பட்ட காயமடைந்த சைக்கிளோட்டிகளின் விபரங்களைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று, கவசம் அணிந்தவர்களிடையே கடும் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 69 வீதம் குறைந்திருந்ததைக் கண்டது. இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கே இச்சட்டம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. எமது நாட்டில் அப்படியொரு சட்டம் வந்தால் தண்டம் கட்டப்போவது ஏழை விவசாயிதான். ஆகவே சட்டத்தை நான் கேட்கவில்லை.

ஒன்றுதான் வாங்க முடியுமானால்?

கவசத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய தரப்படி அதனைச் சோதிப்பது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு. அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் தரையில் மோதும் அடிக்கு. சறுக்கி விழுவதற்கு அது போதும். பின்னால் வரும் டிப்பர் மோதுவதற்கு அது செய்யப்படவில்லை.

எனவே ஒரு வீட்டில் கொஞ்சப் பணமே இருக்குமானால் என் யோசனை இது: தலைக்கவசம் பிள்ளைக்கு, விளக்கு தகப்பனுக்கு. பிள்ளைகள் பெரும்பாலும் தாமே விழுகிறார்கள். கவசம் அதற்கென்றே உள்ளது. தகப்பனுக்கு ஆபத்து இருளில் பின்னாலிருந்து வருகிறது. சாரதிக்கு அவரைத் தெரிவதே முதல் பாதுகாப்பு. முன் விளக்கு, பின்புறச் சிவப்பு வில்லை, தேயாத பிரேக் கட்டை, இவற்றின் பின்னர் அவருக்கும் ஒரு கவசம். மூடை வில்லையை மறைக்குமானால் வில்லையை மூடையிலேயே கட்டுங்கள்.

வளர்வான் என்று ஓரளவு பெரிய சப்பாத்து வாங்குவது எமது வழக்கம். கவசத்தில் இது கூடாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் அது மட்டமாக இருக்க வேண்டும். பின்னே சரிந்து நெற்றியைத் திறந்துவிடலாகாது. காதின் இரு பக்கப் பட்டிகளும் காதுக்குக் கீழே சந்திக்க வேண்டும். நாடிப் பட்டியினுள் ஒரு விரல் நுழைந்தால் அளவு சரி. இரட்டைப் பின்னல் போடும் பிள்ளைக்குப் பின்னலைத் தாழ்த்திக் கட்டிவிடுங்கள். கட்டட வேலைக்காரரின் தொப்பி இதற்கு ஈடாகாது. அது மேலிருந்து விழும் பொருளுக்கானது, விழும்போது கழன்றும் போகும்.

புதுவீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. விழுந்தவனின் கவலையீனம் என்று அங்கு விட்டுவிடவில்லை, கட்டியவனையே பொறுப்பாக்குகிறது. மாணவருக்குச் சைக்கிள் வழங்கும் எமது சபைகளும் சங்கங்களும் இதனைக் கவனிக்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன்னர் ஹாண்டிலில் ஒரு கவசமும் விளக்கும் தொங்குகின்றனவா என்று பார்ப்பது நன்று. பத்துச் சைக்கிளுக்குப் பதில் எட்டு என்றாலும் பரவாயில்லை.

தலை அடிபட்டால்

காயம் தெரியவில்லை, எழுந்து கதைக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைப்பதே பெரும் தவறு. மண்டையோட்டினுள் இரத்தம் மெல்லக் கசியும்போது முதலில் தெளிவாக இருந்தவர் சில மணி நேரத்தின் பின்னர் மயங்குவதுண்டு. மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிவரும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், முன்பின் முரணான பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது நீர், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். கழுத்தை அசையாது வைத்திருங்கள். குடிக்க எதுவும் கொடாதீர்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு: உங்கள் ஊரில் இருள் நேரத்தில் சைக்கிள்கள் அதிகம் செல்லும் வீதி எது? அதில் விபத்து நடந்த இடங்கள் எவை? அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் சைக்கிளிலேயே வாருங்கள். முடிந்ததும் வெளியில் நிறுத்தி, ஒரு ரோச் லைற்றைப் பின்னாலிருந்து பிடித்து, எத்தனை தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.