மரச் சாமான்களைப் படம் பிடிக்கும்போது வெளிச்சத்தை எப்படி வைப்பது?

பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது கிடைக்கிற தூர்களை நாம் அநேகமாக அடுப்புக்குத்தான் கொண்டு போகிறோம். தெமோதரைப் பக்கத்து லயங்களில் சில பிள்ளைகள் அதில் நல்ல தூராகப் பொறுக்கி யானை, முயல், சாவிக்கொத்து, 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் சின்ன உருவம் என்று செதுக்கி, வழவழவென்று தேய்த்து வார்னிஷ் பூசி வைத்திருக்கிறார்கள். சாமான் நல்ல சாமான். ஆனால் கடைக்காரர்கள் இப்போது முதலில் கேட்பது "படம் அனுப்புங்க" என்பதைத்தான். அங்கேதான் நமக்குச் சறுக்குகிறது.

எங்களுக்கே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தம்பி மூன்று கிழமை இருந்து செதுக்கிய யானையை, இரவில் காம்பராவுக்குள் வைத்து, பிளாஷ் போட்டு நாங்களே கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினோம். "இது பிளாஸ்டிக் தானே ஐயா?" என்று பதில் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் யானை முதுகில் பெரிய வெள்ளைத் திட்டு, மரத்தின் ரேகை ஒன்றும் தெரியவில்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை. அதுதான் எங்களுக்கு உறுத்தியது. பளபளப்பைக் குறைக்கலாம் என்று முகப் பவுடரைத் தடவிப் பார்த்தோம். அது செதுக்கிய கோடுகளுக்குள் போய் அப்பிக்கொண்டது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. அந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

வார்னிஷ் பூசிய மரம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. அந்த வெள்ளைத் திட்டு வேறொன்றுமில்லை, விளக்கின் உருவம்தான். சுவரில் சரிவாக எறிந்த பந்து மறுபக்கம் அதே சரிவில் போவதுபோல வெளிச்சமும் போகும். பிளாஷ் கமெராவை ஒட்டியே இருக்கிறது, அதனால் நம்மை நேரே பார்க்கிற இடத்தில் பட்டது அப்படியே திரும்பி வருகிறது. யானை முதுகோ வளைந்தது. எப்படித் திருப்பினாலும் ஓர் இடத்தில் திட்டு விழத்தான் செய்யும். ஆகையால் விளக்கைப் பெரிதாக்க வேண்டும். பெரிய வெளிச்சம் பட்டால் திட்டு பரந்து, மங்கி, ரேகையை மறைக்காத மெல்லிய மினுக்கமாகிவிடும்.

அந்தப் பெரிய விளக்கு நம் மலையில் சும்மா கிடைக்கிறது. பனிமூட்டமான காலையில் வானம் முழுவதும் ஒரே விளக்குத்தான். இஸ்தோப்பில் ஒரு மேசையைப் போட்டு எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் வாசலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டி, வாசலுக்குப் பக்கவாட்டில் சாமானை வையுங்கள். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் உளி போன மேடு பள்ளம் தெரியும். கண்டி மாவட்டத்து எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மறுபக்கம் இருண்டு போனால் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போட்டை நிறுத்தினால் போதும். உள்ளே எரிகிற மின்குமிழை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் மரத்தின் நிறம் மாறிப்போகும். பச்சை, நீலச் சுவர் பக்கத்தில் இருந்தாலும் அந்தச் சாயல் ஏறும்.

நாம் உடுத்திருப்பதும் அதில் தெரியும். எங்கள் வெள்ளைச் சட்டை ஒரு முயலின் நெற்றியில் விழுந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம்! கறுப்புத் துணியொன்றைப் போர்த்திக்கொண்டு எடுங்கள்.

போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி யாரிடமாவது இருந்தால் அதைக் கமெராவுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் மினுக்கம் சட்டென்று குறையும். சரிவாகப் பார்த்து எடுத்தால்தான் இது பலிக்கும். சாவிக்கொத்தின் இரும்பு வளையத்துக்குப் பலிக்காது.

அநேக போன்களில் திரையில் சாமானைத் தொட்டு விரலைக் கீழே இழுத்தால் படம் இருளும். வெளிச்சம் பட்ட இடத்திலும் ரேகை தெரியும்வரை குறையுங்கள். வெள்ளையாகப் போன இடத்தைப் பிறகு மீட்க முடியாது, கொஞ்சம் இருண்டதைச் சரிப்படுத்தலாம்.

அந்த யானையை மறுபடியும் பனி நேரத்தில் எடுத்து அனுப்பினோம். "இது வேற யானையா?" என்று அதே கடைக்காரர் கேட்டார்.

ஒரு படத்தில் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்து எடுங்கள், அளவு விளங்கும். வெடிப்பு இருந்தால் அதையும் தனியாக எடுத்து அனுப்பிவிடுங்கள்.