மாதிரி ரயிலை ஓட்டும் கம்ப்யூட்டர்: கண்காட்சிக்கு ஒரு செயல்முறைப் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் படிக்கும் முதல் பாடம் இன்புட், அவுட்புட். கீபோர்டும் மவுஸும் இன்புட். மானிட்டரும் பிரிண்டரும் அவுட்புட் என்று மனப்பாடம் செய்துவிட்டு அதோடு மறந்து விடுவோம். இவற்றில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணெதிரே காட்ட மாதிரி ரயில் மிக நல்ல கருவி. ஆலங்காயத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக நான் வரைந்த திட்டத்தை வைத்தே இதை விளக்குகிறேன்.

ஆலங்காயத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் வாணியம்பாடிக்கோ ஜோலார்பேட்டைக்கோ போக வேண்டும். எனவே ஆம்பூர், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி, ஜோலார்பேட்டை ஆகிய நான்கு நிலையங்களையும் மேசை மேல் கொண்டு வருவது என்று வைத்துக் கொண்டேன். பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்த ஊர்கள் என்றால் ஆர்வம் தானாக வரும்.

மேசை மேசையாக ரயில் பாதை

புனேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறக்கப்பட்ட மினியாத்தூர் வுண்டர்லாண்ட் ஆகியவை ஒரே இடத்தில் நிலையாக இருப்பவை. கண்காட்சிக்கு அது சரிப்படாது. பாதையைத் துண்டு துண்டாகச் செய்து, வண்டியில் ஏற்றிப் போய், அங்கே இணைக்க வேண்டும். இந்தத் துண்டுக்கு மாடுல் என்று பெயர். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கிய என்-டிராக் முறையில் ஒரு மாடுல் 4 அடி நீளம், 2 அடி அகலம். எல்லா மாடுல்களின் முனையிலும் தண்டவாளம் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்பதுதான் முக்கிய விதி. அதைக் கடைப்பிடித்தால் யார் செய்த மேசையையும் யார் மேசையோடும் சேர்க்கலாம்.

நான் எடுத்துக் கொண்டது எச்ஓ அளவு. அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் ஊரில் ஓடும் பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டி சுமார் 21.3 மீட்டர் நீளம். இந்த அளவில் அது ஏறக்குறைய 24.5 சென்டிமீட்டர். ஓர் என்ஜினும் 5 பெட்டிகளும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர் வந்து விடும். 4 அடி மேசையின் நீளமோ 122 சென்டிமீட்டர்தான். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கட்டளை போகும் வழி

பழைய பொம்மை ரயிலில் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுத்தால் அதன் மேல் நிற்கும் எல்லா என்ஜினும் ஓடும். டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக டிசிசி, என்ற முறை அப்படி அல்ல. தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும்; அதோடு கட்டளைகளும் டிஜிட்டல் வடிவில் போகும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டீகோடர் என்ற சிறிய சர்க்யூட் இருக்கும். அதற்கு ஒரு முகவரி எண் உண்டு. "3-ம் எண் என்ஜின், மெதுவாக முன்னே போ" என்று கட்டளை வந்தால் 3-ம் எண் மட்டுமே கேட்கும். புது டீகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும். எனவே இரண்டாவது என்ஜின் வாங்கியதும் அதன் எண்ணை மாற்றி விடுங்கள்.

கட்டளைகளைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் பெட்டி கமாண்ட் ஸ்டேஷன். கடையில் வாங்கலாம். அல்லது ஆர்டுயினோ மெகா போர்டும் மோட்டார் ஷீல்டும் வைத்து, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச புரோகிராமைப் போட்டு நீங்களே தயாரிக்கலாம். கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி கேபிளால் இணைத்தால் கட்டளை போகத் தொடங்கும். அவுட்புட் முடிந்தது.

தகவல் வரும் வழி

பலரும் இங்கேயே வேலை முடிந்ததாக நினைத்து விடுகிறார்கள். கம்ப்யூட்டர் கட்டளை அனுப்பியது. ஆனால் ரயில் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. தண்டவாளத்தில் தூசி படிந்து என்ஜின் நின்று போயிருக்கலாம். மானிட்டரில் மட்டும் ரயில் ஓடிக் கொண்டே இருக்கும்! பின்னால் வரும் ரயில் அதில் மோதும்போதுதான் உண்மை தெரியும். நிஜ ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எச்ஓ அளவில் அது நொடிக்கு சுமார் 32 சென்டிமீட்டர். ஒரு மேசையை நான்கே நொடியில் தாண்டி விடும். கையால் நிறுத்த நேரம் இருக்காது.

எனவே பாதையைப் பிளாக்குகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பிளாக்கிலும் கரண்ட் செலவாகிறதா என்று பார்க்கும் சென்சாரைப் பொருத்துகிறோம். செலவானால் அங்கே ரயில் இருக்கிறது என்று பொருள். நிஜ ரயில்வேயிலும் தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி ரயில் இருப்பதை அறியும் முறை உண்டு. ஒரு பிளாக்கில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம் என்பது இரண்டுக்கும் பொது விதி.

பிளாக் ரயிலை விட நீளமாக இருக்க வேண்டும். முன்பு போட்ட கணக்கின்படி ரயில் ஒன்றரை மீட்டர், மேசை 122 சென்டிமீட்டர். ஆகவே இரண்டு மேசைகள் சேர்ந்தது ஒரு பிளாக். நான்கு நிலையங்களுக்கு நான்கு பிளாக், எட்டு மேசை, வளைவுகள் தனி. வட்டமாகச் சுற்றும் இந்தப் பாதையில் இரண்டு ரயில் ஓட்டலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கரண்ட் எடுப்பது என்ஜின்தான், பெட்டிகள் எடுப்பதில்லை. கடைசிப் பெட்டி கழன்று வாணியம்பாடியில் நின்று விட்டால், அந்தப் பிளாக் காலி என்றே கம்ப்யூட்டர் சொல்லும். நிஜ ரயிலில் கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்வி' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். லாஸ்ட் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம் அது. அந்தப் பலகை கடந்து போனால்தான் ரயில் முழுதாகப் போய் விட்டது என்று அர்த்தம். நம் மாதிரி ரயிலில் அந்த வேலையை ஒரு ரெசிஸ்டர் செய்கிறது. கடைசிப் பெட்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்தினால், பெட்டியும் சிறிது கரண்ட் எடுத்துத் தன் இருப்பைக் காட்டிக் கொடுக்கும்.

செலவில்லாமல் வீட்டிலேயே பழகலாம்

தண்டவாளம் வாங்கும் முன்பே இதைப் பழகிப் பார்க்கலாம். ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்யுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இதற்கு ஜாவா தேவை. எந்தப் பதிப்பு என்பதை டவுன்லோட் பக்கத்தில் பார்த்து முதலில் அதை நிறுவிக் கொள்ளுங்கள்.

1. பேனல்புரோ என்ற ஐகானைத் திறங்கள். பிரிபரன்சஸ் விண்டோவில் கனெக்ஷன்ஸ் பகுதிக்குப் போய் டிஜிட்ராக்ஸ் என்பதையும், அதன் கீழ் லோகோநெட் சிமுலேட்டர் என்பதையும் தேர்ந்தெடுங்கள். சேவ் செய்து மீண்டும் திறங்கள்.

2. டூல்ஸ் மெனுவில் திராட்டில்ஸ் சென்று புதிய திராட்டில் திறங்கள். முகவரியாக 3 கொடுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். இது அவுட்புட்.

3. டூல்ஸ் மெனுவில் டேபிள்ஸ், அதில் சென்சார்ஸ் செல்லுங்கள். ஆட் கிளிக் செய்து, இன்டர்னல் வகையில் நான்கு சென்சார்களைச் சேர்த்து நான்கு ஊர்ப் பெயர்களைக் கொடுங்கள்.

இப்போது சென்சாரின் நிலையைப் பாருங்கள். 'அன்நோன்', அதாவது 'தெரியாது' என்று காட்டும். இந்தப் பாடத்தின் சாரமே இதுதான். யாரும் சொல்லாத வரை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்தப் பட்டனை கிளிக் செய்தால் ஆக்டிவ், இன்னாக்டிவ் என்று மாறும். மேசை மேல் சென்சார் செய்யப் போகும் வேலையை இங்கே உங்கள் மவுஸ் செய்கிறது.

கண்காட்சி நாளில்

- லேப்டாப்பில் ஸ்லீப் வசதியை நிறுத்துங்கள். விண்டோஸ் அப்டேட்டை முதல் நாளே முடித்து விடுங்கள். கூட்டம் நிற்கும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது.
- யுஎஸ்பி கேபிளை வேறு துளையில் செருகினால் காம் போர்ட் எண் மாறி இணைப்புக் கிடைக்காமல் போகலாம். துளைக்கு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.
- ஜேஎம்ஆர்ஐ புரொஃபைல் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். லேப்டாப் படுத்து விட்டால் இன்னொன்றில் தொடரலாம்.
- கரண்ட் போனால் ரயில் நிற்கும். பேட்டரியில் இயங்கும் லேப்டாப் நிற்காது. கரண்ட் வந்ததும் உடனே ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ரயிலும் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்து, திரையோடு ஒப்பிட்ட பிறகே தொடங்குங்கள்.
- என்ஜின் டிரைவர் என்ற ஆண்ட்ராய்டு அப்ளிகேஷன் மூலம் குழந்தைகள் செல்போனிலேயே ரயில் ஓட்டலாம். தனி வைஃபை ரவுட்டர் போதும், இன்டர்நெட் வேண்டாம். ஒரு ரயிலுக்கு ஒரு போன் மட்டும் கொடுங்கள்.
- தண்டவாளக் கரண்ட்டைத் துண்டிக்க கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் அவசியம். மவுஸை நம்பி இருக்கக் கூடாது. 230 வோல்ட் இணைப்புகள் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஜேஎம்ஆர்ஐயில் டிஸ்பாட்சர் என்ற பகுதி ரயில்களைத் தானாகவே ஓட்டும். ஆனால் முதல் கண்காட்சியில் ஓட்டும் வேலையை மனிதரிடம் விட்டு, பிளாக்குகளைக் கண்காணிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை.

இலவசம் என்றால்...

ஜேஎம்ஆர்ஐயை உருவாக்கியவர்கள் ரயில் ஆர்வலர்கள். அதன் டீகோடர் விவர ஃபைல்களை, உரிய பெயர்க் குறிப்பு இல்லாமல் வேறொரு சாப்ட்வேரில் சேர்த்துக் கொண்டதாக, குழுவைச் சேர்ந்த ராபர்ட் ஜேக்கப்சன் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். இலவசமாகக் கொடுத்த சாப்ட்வேர் ஆனாலும் அதன் உரிம நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்று ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் கூறியது. ஓப்பன் சோர்ஸ் உலகமே எதிர்பார்த்திருந்த தீர்ப்பு இது. 2010-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எனவே உங்கள் மேசை மேல் ஒரு சிறிய அட்டையில் பயன்படுத்திய சாப்ட்வேர்களின் பெயரை எழுதி வையுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

பயிற்சி

சிமுலேட்டரில் ஆம்பூரையும் கேத்தாண்டப்பட்டியையும் ஆக்டிவ் ஆக்குங்கள். இரண்டு ரயில்களும் ஒரே திசையில், ஆம்பூர் முதல் ஜோலார்பேட்டை வரை பட்டியலில் உள்ள வரிசைப்படி சுற்றுகின்றன. இப்போது எந்த ரயிலை நகர்த்தலாம்? அது நகர்ந்த பிறகு எந்தச் சென்சார் ஆக்டிவ் ஆகும், எது இன்னாக்டிவ் ஆகும்? ஒரு தாளில் எழுதி, பத்து நகர்வுகள் வரை மோதாமல் கொண்டு போய்ப் பாருங்கள்.