மிளகாய்க்குச் சொந்த ஊர் எது?



மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் எஸ்.பி.பட்டினம், தொண்டி. கோடையில் அந்தப் பக்கமெல்லாம் முண்டு மிளகாய் காயும். 2023-ல் இராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. "இது நம்ம மண்ணோட காய்டா" என்று எங்க அப்பத்தா பெருமையாச் சொல்லும். உண்மைதானா?

பெயரே காட்டிக் கொடுக்கிறது. மிளகு + காய் = மிளகாய். சங்கப் பாடல்களில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த புதுக்காய்க்குத் தெரிந்த காரத்தின் பெயரையே ஒட்டிவிட்டார்கள் நம் முன்னோர்.

சரி, மரபணு என்ன சொல்கிறது? சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நாலு பேர் எழுதுகிறோம். அவர் செய்த தப்பு நாலு நோட்டிலும் அப்படியே இருந்தால் போதும், மூலம் எது என்று ஆசிரியர் பிடித்துவிடுவார். டி.என்.ஏ.வும் தலைமுறைதோறும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் சேரும் சிறு பிழைகளை ஒப்பிட்டுத்தான் பயிரின் வம்சாவளியைத் தேடுகிறார்கள்.

முண்டு, சம்பா, குடைமிளகாய் மூன்றும் ஒரே இனம்: கேப்சிகம் ஆனுவம். குரோமோசோம் 12 ஜோடி. இவற்றின் காட்டு மூதாதை சில்டெபின். பட்டாணி அளவுக் காய், மேல்நோக்கி நிற்கும், பழுத்தால் எளிதில் உதிரும். பறவைக்குக் காரம் உறைக்காது, ஆகவே தின்று விதையைப் பரப்பும். மனிதனுக்கோ பெரிய காய், உதிராத காய் வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதையே பொறுக்கி விதைத்தான்.

குடைமிளகாய் ஏன் உறைப்பதில்லை? பன்-1 என்ற மரபணுவில் ஒரு துண்டு காணோம். நோட்டில் ஒரு தாள் கிழிந்த மாதிரி. இது 2005-ல் தெரிந்தது. 2014-ல் மிளகாயின் முழு மரபுத்தொகுதியையும் படித்தார்கள்; சுமார் 350 கோடி எழுத்து! அதே ஆண்டில் மரபணு, தொல்பொருள், தட்பவெப்பம், பழங்குடி மொழிகளில் மிளகாய்க்குள்ள பெயர்கள் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, மெக்சிகோவின் நடுக்கிழக்குப் பகுதியைப் பிறந்த வீடு என்று காட்டியது.

அப்படியானால் அப்பத்தா சொன்னது தப்பா? பாதிதான். பிறந்தது அங்கே, வளர்ந்தது இங்கே. வானம் பார்த்த பூமியில் எந்தக் காயை விதைக்கு நிறுத்துவது என்று தலைமுறை தலைமுறையாக முடிவு செய்தவர்கள் நம் உழவர்கள்தான்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோவில் காட்டு மிளகாய் இன்றும் இருக்கிறது. மூல நோட்டு அங்கே பத்திரம். கப்பலில் வந்ததோ அதில் சிறு பங்கு. அதற்குப் பிறகு இங்கே எழுதப்பட்ட பக்கங்கள் நம் வீட்டு விதைப்பானையில் உள்ளன. விதை எடுத்து வைக்கும் பழக்கம் போனால் அந்தப் பக்கங்களும் போச்சு. முத்திரை முளைக்காது, விதைதான் முளைக்கும்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பத்தாவிடம் ஒரு கைப்பிடி விதை கேட்டு வாங்குவோம் தோழர்களே!

— மீமிசல் மாணவன், மூன்றாமாண்டு, இயந்திரவியல்