கொடி பிடிக்கப் போகும் தம்பிக்கு



நவம்பர் இரண்டாம் ஞாயிறு, நினைவு ஆராதனையில் நம் முன்னாள் படைவீரர் அணியின் கொடியை நீதான் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நாகர்கோவிலிலிருந்து வந்து பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, சேவை முடித்து லண்டனில் குடியிருக்கும் பிள்ளைக்கு இது சின்ன மரியாதை இல்லை. வீட்டுக்குப் படம் அனுப்பு, அம்மா சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

அணிவகுப்புப் பயிற்சியை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணுவ நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சிலது மட்டும் சொல்கிறேன். அன்று காலை வெறும் வயிற்றோடு வராதே. முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்காதே. பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இரு. இல்லாவிட்டால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், எவ்வளவு திடமான ஆளும் விழுந்துவிடுவான். லாஸ்ட் போஸ்ட் ஊதத் தொடங்கியதும் கொடியை மெதுவாகத் தாழ்த்துவாய் அல்லவா, அப்போது கை நடுங்கினால் நடுங்கட்டும். முன்வரிசையில் மகனைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருப்பாள். அவள் உன் கையைப் பார்க்கமாட்டாள், துணியைத்தான் பார்ப்பாள். இறங்கும் கொடி அவசரப்படக்கூடாது. அதன்பின் வரும் இரண்டு நிமிட மௌனமும் அவளுக்கு உரியது.

நீ போனில் கேட்டது வேறு. "கொடி பிடிக்கிறது வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள்தான் அக்கா, மிச்ச நாளெல்லாம் இந்த அணியில நான் என்ன செய்ய?" என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாள் டவர் ஹில்லில் இறங்கி, ஆல் ஹாலோஸ் ஆலயத்துக்குள் போய்ப் பார். அங்கே பழைய கல்லறை ஒன்றின் மேல் சிறிய எண்ணெய் விளக்கு இருக்கும். ஆதித் திருச்சபையின் விளக்கு வடிவம், அதன் மேல் ஈப்பர் நகரத்தின் இரட்டைச் சிலுவை. 1922 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் முதன்முதலாக ஏற்றிய டாக் எச் விளக்கு அது. நம்மைப் போன்ற அணிகளுக்கெல்லாம் தாத்தா முறை வேண்டும் இந்த டாக் எச் இயக்கம். அதன் கதை தெரியாமல் கொடியைத் தொடாதே என்று எல்லாப் புதியவர்களிடமும் சொல்லிவருகிறேன்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனைக்குப் பின்னால் போப்பரிங்கே என்று ஒரு சிற்றூர். முனைக்குப் போகிறவர்களும் உயிரோடு திரும்புகிறவர்களும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். 1915 டிசம்பரில் அங்கே பீருக்குப் போடும் ஹாப்ஸ் விற்ற வியாபாரி ஒருவரின் வீட்டை வாடகைக்குப் பிடித்து, குண்டு விழுந்த பக்கத்தை அடைத்து, சிப்பாய்கள் இளைப்பாறும் இடமாகத் திறந்தார்கள். நடத்தியவர் ஃபிலிப் கிளேட்டன் என்ற சாப்ளின்; டப்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அதே ஆண்டு ஜூலையில் போரில் இறந்த கில்பர்ட் டால்பட் என்ற இளம் அதிகாரியின் பெயரை வீட்டுக்கு வைத்தார்கள். டால்பட் ஹவுஸ் என்பதன் முதலெழுத்துகளை அன்றைய சிக்னல் ஆட்கள் சொல்கிற முறையில் சொன்னால் டாக் எச்.

கீழே டீ, பியானோ, புத்தகங்கள். புத்தகம் எடுப்பவன் தொப்பியை ஈடாக வைத்துவிட்டுப் போகவேண்டும். தொப்பியில்லாமல் தெருவில் நடக்க முடியாது என்பதால் புத்தகம் தவறாமல் திரும்பி வரும். எந்தப் படைப்பிரிவில் எந்த நண்பன் இருக்கிறான் என்று தேட ஒரு அறிவிப்புப் பலகை. வாசலைத் தாண்டினால் பதவி கிடையாது. கர்னலும் சாதாரணச் சிப்பாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். ஆலயம் உச்சிமாடியில், ஹாப்ஸ் காயவைத்த பரணில். ஏணி மாதிரி செங்குத்தான படி. பலிபீடமாக இருந்தது ஒரு தச்சன் பட்டறை மேசை. வேண்டுகிறவன் ஏறினான், வேண்டாதவன் கீழேயே டீ குடித்தான். யாரும் யாரையும் மேலே தள்ளவில்லை. நம் அணியில் சிலருக்கு இதை அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உதவி வாங்கும் மனிதனிடம் ஜெபத்தைத் திணிப்பது அவன் கையறு நிலையைப் பயன்படுத்திக்கொள்வது. அவன் கேட்டால் ஜெபி. கேட்காவிட்டால் மருந்தை எடுத்துக் கொடு, வீட்டுக்கு வந்து ஜெபி.

போர் முடிந்து, அந்த வீட்டுக்கு வந்துபோனவர்களில் தப்பியவர்கள் லண்டனில் டாக் எச் என்ற பெயரிலேயே கூடினார்கள். செத்துப்போன கூட்டாளிகளுக்காக வருஷம் ஒருமுறை கண்ணீர் விட்டுவிட்டுக் கலைந்திருக்கலாம். விளக்குகளை அணைத்து, அந்த ஒரு சுடரை மட்டும் ஏற்றி, நின்று நினைவுகூரும் சடங்கு ஒன்றை அவர்களும் வைத்துக்கொண்டார்கள்தான். ஆனால் விளக்கைச் சும்மா கொடுக்கவில்லை. புதிதாகக் கூடிய குழுவுக்கு முதலில் கிடைத்தது ஒரு எளிய திரிவிளக்குதான். தங்கள் ஊரில் உழைத்துக் காட்டிக் கிளை என்ற தகுதி வாங்கிய பிறகே டாக் எச் விளக்கு. இந்த வரிசையை நீ மனதில் வைக்கவேண்டும், தம்பி. முதலில் உழைப்பு, பிறகு சடங்கு. நம் அணி உனக்கு அதை மாற்றிக் கொடுத்திருக்கிறது. நீ நல்ல உயரம், நேராக நிற்கிறாய், கொடியைக் கொடுத்துவிட்டார்கள். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. கொடிக்குரிய உழைப்பை இனிமேல்தான் நீ செய்யவேண்டும், அவ்வளவுதான்.

டாக் எச்சின் ஒவ்வொரு கிளையிலும் வேலை பங்கிட ஒருவர் இருந்தார். வந்து சேர்ந்தவனுக்கு அவர் ஒரு வேலை தருவார். பையன்கள் மன்றம் நடத்துவது, பார்வையற்றவருக்கு வாசிப்பது, மருத்துவமனையில் ஆளில்லாதவரைப் பார்ப்பது. பிடித்த வேலை, பிடிக்காத வேலை என்று பொறுக்கும் பேச்சே இருக்கவில்லை. 1930களில் டப்பி கிளேட்டன் மேற்கு ஆப்பிரிக்காவில் தொழுநோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து ஆள் கேட்டபோது, இளைஞர்கள் கப்பலேறி நைஜீரியாவின் தொழுநோய்க் குடியிருப்புகளுக்குப் போனார்கள். தொழுநோய்க்குச் சரியான மருந்து வராத காலம் அது. 1950களில் வேறு சிலர் கால்பந்து மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை வர்ணிக்க, அது தொலைபேசிக் கம்பி வழியாகப் படுக்கையில் கிடந்த நோயாளிகளின் காதுக்குப் போனது. இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். பெரிய தியாகம் ஒன்றுமில்லை, ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வார்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது தோன்றும்.

டாக் எச்சில் பெண்களைப் பல பத்தாண்டுகள் தனி அமைப்பாகவே வைத்திருந்தார்கள். போரில் புண் கட்டிய கைகளுக்குச் சமமான இடம் தராதது அநியாயம்தான். அதையும் சேர்த்தே உனக்குச் சொல்கிறேன்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகும்போது மெடல் வேண்டாம், பிளேசர் வேண்டாம். நின்றுகொண்டு பேசாதே, நாற்காலியை இழுத்து, அவர் கண் மட்டத்துக்கு உட்கார். காது கருவி போட்டிருக்கிறாரா, அது ஓடுகிறதா என்று முதலில் பார். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும். மறதி நோய் வந்த பழைய வீரர் உன்னைத் தன் சார்ஜென்ட் என்று நினைத்துப் பேசினால் திருத்தாதே, "ஞாபகமிருக்கா?" என்று பரீட்சையும் வைக்காதே. அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரில் நீயும் கொஞ்சநேரம் இரு. உன் போர்க்கதையை எடுக்காதே. ஒரே கதையை நாலாவது முறை சொல்வார். அணிவகுப்பில் அசையாமல் நிற்கக் கற்ற உடம்புக்கு அதைக் கேட்கவும் பொறுமை இருக்கும். இரண்டும் ஒரே பயிற்சி என்றுதான் நான் நம்புகிறேன்.

அணிக்குள் ஒன்றைக் கவனி. கூட்டம் முடிந்து டீக்கோப்பைகளை யார் கழுவுகிறார்கள் என்று பார். மேஜராக ஓய்வு பெற்றவர் கழுவினால் அந்த அணி உயிரோடு இருக்கிறது. எப்போதும் அதே இரண்டு பேரின் மனைவிமார் கழுவினால், நீ போய்ச் சிங்க் பக்கம் நின்றுகொள், ஒன்றும் பேசவேண்டாம்.

நம்மவர்களுக்கு மட்டும் செய்தால் போதாது என்பதில் நான் பிடிவாதக்காரி. 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபின், நம் படைகளுக்கு மொழிபெயர்த்தவர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து மாதக்கணக்கில் ஹோட்டல் அறைகளில் கிடந்தார்கள். அவர்களில் பலருக்கு இன்னும் கடிதம் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்; டாக்டரிடம் பதிய, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வீட்டு விண்ணப்பம் நிரப்ப. இந்த நாட்டில் பிறந்த நம் நண்பர்களுக்கு அந்தப் படிவங்களின் பயம் தெரியாது. உனக்குத் தெரியும். விசா தாள் வரும்வரை தபால்காரன் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தவன் நீ. அணியில் அந்த வேலையை உன்னைவிட நன்றாகச் செய்ய ஒருவரும் இல்லை.

டாக் எச் பின்னாளில் சுருங்கியது. 1948இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தது, அரசு செய்யத் தொடங்கியவை பெருகின, போரைப் பார்த்தவர்கள் முதுமையடைந்தார்கள். ஆனால் போப்பரிங்கே வீடு இன்றும் திறந்திருக்கிறது, தன்னார்வலர்கள் வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறார்கள். 1940இல் ஜெர்மானியர் ஊரைப் பிடித்தபோது வீட்டுச் சாமான்களை ஊர்மக்களே பிரித்து எடுத்துப் போய் ஒளித்துவைத்து, 1944இல் விடுதலை வந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்நியச் சிப்பாய்களின் வீட்டுக்காக அந்த ஊர் இதைச் செய்தது. முதல் போரில் அங்கே டீ குடித்தவர்கள் ஊரோடு எப்படிப் பழகியிருப்பார்கள் என்று இதிலிருந்து நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இந்த வாரமே நம் செயலாளரைக் கூப்பிடு. டயாலிசிஸ் போகிற ஒரு முதியவரைச் செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விட ஆள் கிடைக்கவில்லை என்று போன கூட்டத்தில் சொன்னார். உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, செவ்வாய் உனக்கு இரவு ஷிப்ட். ஞாயிறு வரை காத்திருக்காதே. வண்டியில் ஒரு போர்வை வைத்துக்கொள். சிகிச்சை முடிந்து வரும்போது அவர்களுக்குக் குளிரும்.

அன்புடன்,
அக்கா