திடலுக்கு வெளியே சியா கோலிசி

போன பாடத்தில் ஐவகை வேள்விகளைப் பார்த்தோம். அவற்றில் மானுட வேள்வி என்பது சக மனிதரைப் பசியாற வைப்பது, அவருக்கு ஆதரவாக நிற்பது. "அதெல்லாம் வசதியானவங்க செய்றது" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அதனால் இந்த முறை ஒரு ரக்பி ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் கிறிஸ்தவர், வேள்வி என்பது நம்முடைய சொல். செயலை மட்டும் பாருங்க.

சியா கோலிசி 1991-இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். வளர்த்தது பாட்டி. சாப்பாடு பத்தாத நாளில் பாட்டி பட்டினி கிடந்து பேரனுக்குக் கொடுப்பார். பொம்மை வாங்கக் காசில்லை. ஒரு செங்கல்தான் அவருக்குக் கார். 2018-இல் தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்குத் தலைவரானார். 127 ஆண்டுகால டெஸ்ட் வரலாற்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 2019, 2023 இரண்டிலும் உலகக் கிண்ணம். இதெல்லாம் யூடியூப்பில் இருக்கு.

நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. கோலிசிக்கு 15 வயதானபோது தாய் இறந்தார். தாய்வழித் தம்பியும் தங்கையும் ஆதரவற்றோர் இல்லம், வளர்ப்பு வீடு என்று அலைந்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து, 2014-இல் தம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அப்போது அவருக்கு 23 வயசுகூட சரியாக ஆகியிருக்காது. நமக்கு அந்த வயசில் காருக்கு முன்பணம் கட்டுவதுதான் ஞாபகத்தில் இருக்கும்!

2020-இல், கோவிட் காலத்தில், மனைவியோடு சேர்ந்து கோலிசி அறக்கட்டளையைத் தொடங்கினார். பசித்த குடும்பங்களுக்கு உணவுப் பொட்டலங்கள் போயின. பெண்கள் மீதான வன்முறையையும் அந்த அறக்கட்டளை கையில் எடுத்தது. பெண்கள் அடிபடுவதைச் சின்ன வயசிலேயே கண்ணால் பார்த்தவர் அவர். ஆண்கள்தான் இதைப் பற்றி ஆண்களிடம் பேச வேண்டும் என்கிறார். 2021-இல் வந்த தன்வரலாற்று நூலில் தம் குடிப்பழக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. சோறு போட்டால் ஊரே கைதட்டும். இப்படிப் பேசினால் நண்பர்களே முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால், இரண்டில் இதுதான் கஷ்டமான வேள்வி.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்: நம்ம தாமானில் பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால், டிவி சத்தத்தைக் கூட்டுகிறோமா, போய்க் கதவைத் தட்டுகிறோமா? அடிப்பவர் நம்ம கூட்டாளியாகவே இருந்தால், அவரிடம் யார் பேசுவது?